சிறிய காரால் படகு இழுத்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் படகின் நிறை குறிப்பிடப்படவில்லை. நிறை தெரியாமல் எந்தப் பதிலையும் பொறுப்போடு சொல்ல இயலாது என்பதை முன்னரும் எழுதியிருக்கிறேன்.

என்னிடம் ஆல்டோ 800 கார் உள்ளது. சிறிய படகொன்றை இழுக்குமா? (கொக்குவில்)

“சிறிய படகு” என்பது ஓர் அளவன்று. வெற்றுப் படகு 150 கிலோ, 15 குதிரைவலு எஞ்சின் 40 கிலோ, 25 லீற்றர் எரிபொருளும் தாங்கியும் 20 கிலோ, நங்கூரமும் வலையும் கயிறும் 40 கிலோ, ரெயிலர் 150 கிலோ என்று வைத்தால் மொத்தம் 400 கிலோவாகிறது. உங்கள் காரின் நிறை ஏறத்தாழ 700 கிலோ. பிறேக் இல்லாத ரெயிலரின் மொத்த நிறை காரின் நிறையில் பாதியைத் தாண்டலாகாது என்பதே நான் கடைப்பிடிக்கும் எல்லை. அதன்படி உங்களுக்கு 350 கிலோவே மேல்வரம்பு. காரின் கையேட்டில் அதைவிடக் குறைவாகச் சொல்லப்பட்டிருந்தாலோ, இழுக்கவே கூடாது என்றிருந்தாலோ, கையேட்டின் சொல்லே இறுதியானது. கார் இழுக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிறுத்துமா என்று எவரும் கேட்பதில்லை. எடுத்துக்காட்டாக, 1000 கிலோ கார் பிறேக் இல்லாத 400 கிலோவை இழுத்துச் சென்றால், அவசரமாக நிறுத்தும்போது அதே நான்கு சில்லுகள் 1400 கிலோவைத் தடுத்தாக வேண்டும். நிறுத்தும் தூரம் ஏறத்தாழ நூற்றுக்கு 40 கூடிவிடும். லொறி நிறுக்கும் தராசொன்றில் ரெயிலரை முழுச் சுமையோடு நிறுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

பண்ணை வீதியால் வேலணைக்குப் போகும்போது, வேகம் 50ஐத் தாண்டியதும் ரெயிலர் பாம்பு போல நெளிகிறது. புது ரயர் போட்டும் பயனில்லை. (நாவாந்துறை)

ரயரில் பிழையில்லை. உங்கள் ரெயிலரில் பின்பாரம் கூடியிருக்கிறது. மாட்டு வண்டில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்பாரம் ஏறினால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும் என்பதை அறிந்துதான் அவர்கள் மூட்டைகளை அடுக்கினார்கள். கார் அவ்வாறு திமிறிக் காட்டுவதில்லை. ரெயிலரின் மூக்கு, அதாவது காரில் கொழுவும் முன்முனை, காரின் கொழுக்கியை மேல்நோக்கித் தூக்க, காரின் பின்சில்லுகளில் பிடிமானம் குறைய, ஒரு சிறு அசைவு அடுத்ததைப் பெரிதாக்கும். பண்ணை வீதியில் இருபுறமும் திறந்த கடல் என்பதால், சோளகம் வீசும் மாதங்களில் அந்த முதல் அசைவைக் காற்றே தொடக்கி வைக்கும்.

மூக்கின் மீது மொத்த நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இருக்க வேண்டும். 400 கிலோவுக்கு அது 20 முதல் 40 கிலோ. வீட்டில் ஆள்நிறை பார்க்கும் தராசைக் கற்களின் மேல் வைத்து, அதன்மேல் நிறுத்திய மரக்கட்டையொன்றில் மூக்கைத் தாங்கச் செய்து, ரெயிலர் மட்டமாக நிற்கும் நிலையில் பாருங்கள். பத்து நிமிட வேலை. நிறை குறைவாக இருந்தால் எரிபொருள் தாங்கியையும் நங்கூரத்தையும் அணியத்துக்கு (படகின் முன்பக்கத்துக்கு) மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் படகையே முன்னே நகர்த்துங்கள். 250 கிலோ படகை ஒரு சாண் முன்னகர்த்தினால் மூக்கில் 15 கிலோவுக்கு மேல் கூடும்.

இந்தக் குறையின் வேர் பட்டறைகளில் இருக்கிறது என்பதே பல ஆண்டுகளாக என் மனத்தாங்கல். மண்ணும் கல்லும் ஏற்றும் பெட்டியைச் செய்து பழகிய கையால் படகு ரெயிலரையும் செய்து, அச்சைச் சட்டத்தின் சரிநடுவில் பூட்டிவிடுகிறார்கள். மண்ணைப் பெட்டியில் சமமாகப் பரப்பலாம். எஞ்சின் பூட்டிய படகில் நிறையெல்லாம் பின்னால் நிற்கும். ஆகவே அச்சும் பின்னால் போக வேண்டும். என் முதல் ரெயிலரும் அவ்வாறு நடுவச்சோடுதான் வந்தது. குறிகட்டுவான் போகும் வழியில் அது ஆடத் தொடங்கியபோது நான் பிறேக்கை மிதித்தேன், கார் வீதிக்குக் குறுக்கே திரும்பி நின்றது. எதிரே வாகனம் வராததால் மட்டுமே உயிர் தப்பினேன். ஆட்டம் தொடங்கினால் பிறேக்கை மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலாதீர்கள். ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்தபடி காலை எடுத்துவிடுங்கள், வேகம் தானாகக் குறையட்டும். ரெயிலர் செய்விப்பவர்கள் படகையும் எஞ்சினையும் பட்டறைக்குக் கொண்டுபோய், சட்டத்தில் ஏற்றிச் சமநிலை பார்த்த பிறகே அச்சைப் பூட்டச் சொல்லுங்கள்.

பம்பரில் கொழுக்கியை வெல்டிங் செய்யலாமா? (சுன்னாகம்)

கூடாது. இக்காலக் கார்களின் பம்பர் பிளாஸ்ரிக்கு. அதன் உள்ளே இருக்கும் பட்டை மோதலில் நசுங்குவதற்கானது. காரின் அடிச்சட்டத்தோடு நட்டும் போல்ட்டும் கொண்டு பூட்டும் தாங்கியே வேண்டும். பழுதான காரைக் கயிறு கட்டி இழுப்பதற்கென்று தரப்பட்ட வளையத்திலும் ரெயிலரைக் கொழுவாதீர்கள்.

காரையும் ரெயிலரையும் இணைக்கும் சங்கிலி அவசியமா? (பருத்தித்துறை)

அவசியம். இரண்டு, மூக்கின் கீழே குறுக்காக. காரின் கொழுக்கியிலுள்ள குமிழும் அதன்மேல் பூட்டும் ரெயிலர் மூக்கின் கிண்ணமும் ஒரே அளவா என்பதையும் பாருங்கள். 50 மில்லிமீற்றர் கிண்ணம் 1⅞ அங்குல (ஏறத்தாழ 48 மில்லிமீற்றர்) சிறிய குமிழிலும் பூட்டியதுபோல நிற்கும், முதற் பள்ளத்தில் கழன்றுவிடும்.

கியர் மாற்றத் தேவையில்லாத வாகன்ஆர் வைத்திருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் போதுமா? (மானிப்பாய்)

போதாது. 660 சிசி எஞ்சினும் பட்டியில் இயங்கும் கியர்பெட்டியும் தொடர் இழுவைக்கு உகந்தவை அல்ல. மெதுவாக ஓட்டினாலும் பெட்டி சூடேறும். படகின் நிறையை நீங்களும் எழுதவில்லை.

மூன்று மாதத்துக்கொரு முறை சில்லுப் பெயரிங் பழுதாகிறது. (காரைநகர்)

ஓடி வந்த சூட்டோடு ரெயிலரைக் கடலில் இறக்குகிறீர்கள். சூடான சில்லுக்குடம் நீரில் சட்டென்று குளிரும்போது உள்ளேயுள்ள காற்றுச் சுருங்கி, சீலைத் தாண்டி உப்புநீரை உள்ளிழுக்கும். குடத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணியும்வரை அரைமணி நேரம் காத்திருங்கள். விளக்கு வயரையும் கழற்றிவிடுங்கள். வீடு வந்ததும் நன்னீரால் கழுவுங்கள். கடலில் இறங்கும் ரெயிலருக்கு நீர் தாங்கும் கிறீஸ் வேண்டும், சாதாரணமானது கரைந்துபோகும்.

மாதகலில் படகு இறக்க மணலுக்குள் காரைக் கொண்டு போகலாமா? (பண்டத்தரிப்பு)

முன்சில்லு இழுக்கும் கார் என்றால் வேண்டாம். பின்னே பாரம் இருக்கும்போது முன்சில்லுகளின் பிடி குறையும், மணல் மிகுதியையும் எடுத்துக்கொள்ளும். காரைத் தார் வீதியிலோ இறுகிய தரையிலோ நிறுத்திக் கைப்பிறேக்கைப் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, ரெயிலரைக் கழற்றிக் கையால் தள்ளுங்கள். ஏற்றும்போது நீளமான கயிற்றால் காரிலிருந்து மெதுவாக இழுங்கள், கயிற்றின் நேரே எவரும் நிற்க வேண்டாம். இறக்குவதற்கு முன் படகின் அடித்துவாரத்து மூடியைப் பூட்டினீர்களா என்று பாருங்கள். வீதியில் வரும்போது அது திறந்திருக்க வேண்டும். மழைநீர் 100 லீற்றர் தேங்கினால் அது 100 கிலோ.