முதல் குளிர்காலத்துக்கு முன் காரில் பார்க்க வேண்டியவை

தம்பி, குளிர் நாட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருக்கிறீர்கள், எட்டு மாதக் குழந்தையும் நாலு வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. ‘இருக்கிற டயரே போதும்’ என்று சிலர் சொல்கிறார்கள், எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம் என்று கேட்கிறீர்கள். டயர், பேட்டரி, பிள்ளைகளின் சீட் மூன்றையும் தள்ளிப் போடவே கூடாது. செலவைச் சுருக்க வேண்டுமானால் வேறு எதிலாவது சுருக்குங்கள்.

முதலில் டயர். பனி விழட்டும், அப்புறம் மாற்றலாம் என்று இருக்காதீர்கள். இங்கே கணக்கு 7 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே போகப் போக சாதாரண டயரின் ரப்பர் விறைத்துக்கொள்ளும். காய்ந்த ரோட்டில்கூடப் பிடிமானம் குறையும். விண்டர் டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளக்கமாக இருக்கும், பட்டன், அதாவது ரோட்டில் படுகிற மேடுபள்ளமான பகுதி, முழுக்க மெல்லிய கீறல்கள் இருக்கும், அவைதான் பனியைக் கவ்விப் பிடிக்கும். வாங்கும்போது பக்கச் சுவரில் மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் பனித்துகளும் போட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது பனியில் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளம் இல்லை.

நாலு சக்கரத்துக்கும் சேர்த்தே போடுங்கள். முன் சக்கரம்தானே இழுக்கிறது என்று முன்னால் இரண்டு மட்டும் போட்டால், வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கியவர்களும் இதில் ஏமாந்துபோகிறார்கள். அந்த வசதி வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்தவும் திருப்பவும் டயர் மட்டும்தான் இருக்கிறது.

பழைய விண்டர் டயர் கிடைத்தால் இரண்டு விஷயம் பார்த்து வாங்குங்கள். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பனிக்கு அது உதவாது, சட்டப்படி ஓட்டலாம் என்றாலும்கூட. அடுத்தது வயது. பக்கச் சுவரில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 3522 என்றால் 2022-ன் 35-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடமான ரப்பர் இறுகிப்போயிருக்கும். சக்கரம் மாற்றிய பிறகு 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பேனர் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். முதல் இறுக்கம் கொஞ்சம் தளர்வது உண்டு.

காற்று விஷயத்தில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் 33 பிடித்து வைத்திருந்தால், மைனஸ் 10-ல் அது 28 அளவுக்கு வந்துவிடும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரட்டும் என்று இருக்காதீர்கள். பல வண்டிகளில் கால்வாசிக் காற்று போன பிறகுதான் அது எரியும். மாதம் ஒருமுறை, வண்டி ஓட்டுவதற்கு முன் காலையில் பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரிலேயே அச்சடித்த எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பிடித்துவிடாதீர்கள். அப்படியே ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி மைனஸ் 18-ல் ஏறத்தாழ பாதி பலத்தை இழந்துவிடும். அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் எடுக்க வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். கோடையில் ஒழுங்காக ஓடிய வண்டி முதல் கடுங்குளிரில் ‘டக் டக்’ என்று நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.7-க்கும் 14.7-க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கலாம். நாலு வருடம் தாண்டிய பேட்டரியை லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து, தேறாவிட்டால் குளிர் வருமுன்னே மாற்றிவிடுங்கள்.

ஜம்ப் கொடுக்க, அதாவது வேறு வண்டியின் பேட்டரியோடு கேபிள் மாட்டிக் கிளப்ப, நேர்ந்தால் வரிசை தவறக் கூடாது. சிவப்பு கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனையை இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி மேலேயே கடைசி முனையை வைத்தால் தீப்பொறி அங்கே தெறிக்கும், பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும். சார்ஜ் இறங்கிய பேட்டரி உள்ளே உறைந்துபோயிருக்கக் கூடும். பக்கம் உப்பியிருந்தால் ஜம்ப் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வெடிக்கும்.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் கூலண்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை) சோதிக்காமல் விடாதீர்கள். முன்னால் வைத்திருந்தவர் குறைந்தபோதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால், அது உறைந்து விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் மைனஸ் 37 வரை தாங்கும். மெக்கானிக்கிடம் சொன்னால் ஒரு சொட்டு எடுத்து அளந்து சொல்லிவிடுவார். முன் கண்ணாடியைக் கழுவும் வாஷர் டேங்கிலும் தண்ணீர் வேண்டாம், குளிர்காலத்துக்கு என்று விற்கிற, மைனஸ் 40 போட்ட திரவம் ஊற்றுங்கள். அதில் பெரும்பாலும் மெத்தனால் இருக்கும். பார்க்க ஜூஸ் மாதிரி நீலமாக இருக்கும், கொஞ்சம் குடித்தாலும் பிள்ளைகளுக்கு ஆபத்து. கேனைக் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

இனி பிள்ளைகளின் சீட். நல்ல பெற்றோர்களே தவறுகிற இடம் இது. வெளியே மைனஸ் 15, குழந்தைக்குப் பஞ்சு அடைத்த தடி கோட்டு போட்டு, அதன் மேலேயே ஹார்னஸ் பெல்ட்டை (பிள்ளைகள் சீட்டோடு வருகிற பெல்ட்டை) மாட்டுகிறோம். இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். மோதலில் அந்தப் பஞ்சு ஒரு கணத்தில் அமுங்கிவிடும், பெல்ட் தொளதொளவென்று ஆகும், குழந்தை அதிலிருந்து நழுவிப் போகலாம். வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். கோட்டோடு உட்காரவைத்து, தோள்பட்டையில் பெல்ட்டை இரு விரலால் கிள்ளினால் மடிப்பு வராத அளவுக்கு இறுக்குங்கள். பெல்ட் நீளத்தை மாற்றாமல் பக்கிளை மட்டும் கழற்றி, கோட்டை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். இப்போது எவ்வளவு பெல்ட் கையில் மடங்கி வருகிறதோ, அவ்வளவு இடைவெளியோடுதான் உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது சுலபம். மெல்லிய கம்பளித் துணிகளை அடுக்காகப் போட்டு, ஹார்னஸை மாட்டி இறுக்கிய பிறகு, கோட்டை முன்பக்கமாகத் திருப்பிக் கைகளை நுழைத்துப் போர்த்துங்கள். கைக்குழந்தைக்குப் பெல்ட்டுக்கு மேலே போர்வை. குழந்தையின் முதுகுக்கும் பெல்ட்டுக்கும் இடையே போகிற மெத்தை உறை எதையும் தனியாக வாங்கிப் போடாதீர்கள். பின்னோக்கிய சீட்டில் பெல்ட் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். முன்னோக்கிய சீட்டில் தோள் மட்டத்திலோ மேலேயோ. நெஞ்சில் கிளிப் உள்ள சீட் என்றால் அது அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும். சீட்டைப் பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. சின்னவரை, சீட்டில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பு வரும்வரை பின்னோக்கியே உட்காரவையுங்கள். ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் அந்தச் சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. யாராவது பழைய சீட் கொடுத்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். விபத்தில் இருந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன் பனியைக் கண்ணாடியில் மட்டும் சுரண்டிவிட்டு ஓடாதீர்கள். கூரையில் மிச்சம் வைத்தது பிரேக் போட்டதும் முன் கண்ணாடியில் சரிந்து வந்து கண்ணை மறைக்கும். கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். உள்ளே ஆவி படிந்தால் ஹீட்டரோடு ஏசியையும் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஈரத்தை இழுப்பது ஏசிதான். வண்டியைச் சூடாக்குகிறேன் என்று கராஜுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், ஷட்டர் திறந்திருந்தாலும் கூடாது. ரோட்டில் பனியில் சிக்கி நிற்க நேர்ந்தால் முதலில் இறங்கி சைலன்சர் குழாய் வாயிலுள்ள பனியை அள்ளுங்கள். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிள்ளைகள் தூங்குவதாகவே நினைத்துக்கொள்வோம். குழாயைச் சுத்தம் செய்த பிறகும், மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டு, ஒரு ஜன்னலைச் சற்றே இறக்கி வையுங்கள். அதற்காகவே டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். டிக்கியில் சின்ன மண்வெட்டி, மணல் ஒரு பை, ஜம்பர் கேபிள், டார்ச், போர்வை, டயப்பர் இருக்கட்டும்.

ஓட்டுவதில் ஒன்று மாறினால் பாதி வென்றமாதிரி: முன் வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி. காய்ந்த ரோட்டில் 3 வினாடி என்றால் பனியில் 8 முதல் 10 வினாடி. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். கடும் உறைபனியைவிட, பூஜ்யத்தை ஒட்டிய நாள்தான் வழுக்கல் அதிகம். ஐஸ் மேல் ஒரு படலம் தண்ணீர் நிற்கும். பாலங்கள் முதலில் உறையும், கீழேயும் காற்று போவதால். ரோடு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன் வண்டியின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஐஸ். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாக அந்தப் பக்கம் திருப்புங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக்கை அழுத்தினால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுக்கிறவர்கள் நிறைய. எடுக்காதீர்கள், அழுத்தியபடியே இருங்கள். முதல் பனி விழுந்ததும் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, யாருமில்லாத பார்க்கிங் மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள்.

ரோட்டில் உப்பு போடுகிற இடமென்றால், பூஜ்யத்துக்கு மேலே போகிற நாள் பார்த்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். வசந்தத்தில் 7 டிகிரிக்கு மேலேயே நிலைத்ததும் விண்டர் டயரைக் கழற்றிவிடுங்கள், இளக்கமான ரப்பர் சூட்டில் சீக்கிரம் கரையும். கழற்றும்போது எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸில் எழுதி வையுங்கள். வெயில் வந்ததும் பிள்ளைகளை ஐந்து நிமிடம்கூட வண்டியில் தனியாக விட வேண்டாம். பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தை தூங்கிக்கொண்டு வரும் நாட்களில் உங்கள் கைப்பையையோ இடது கால் செருப்பையோ பின் சீட்டில் அதன் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். இறங்கும்போது அதை எடுக்கப் பின்கதவைத் திறந்தே ஆக வேண்டும்.