உறுத்தினால் வறட்சி, உறுத்தாவிட்டால்? சர்க்கரைக்காரர்களின் கண் கேள்விகள்

பலகாரக் கடையில் விறகடுப்பு முன் நின்று முறுக்கு சுடுகிறேன். பத்து வருஷமாகச் சுகர். கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல், கூடவே தண்ணீராகக் கொட்டுகிறது. டாக்டர் இதைக் ‘கண் வறட்சி’ என்கிறாரே? (காரைக்குடி)

அவர் சொன்னது சரிதான். கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் அல்ல. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அந்தச் சுரப்பிகள் அடைபட்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து கண் எரியும். எரிச்சல் தாங்காமல் கண் தண்ணீரைக் கொட்டும். அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். இமைத்தபின் 10 விநாடிக்குள் படலம் உடைந்தால் வறட்சி என்று கொள்வார்கள். இமைக்குள் காகிதப் பட்டை வைத்து 5 நிமிடம் பார்ப்பதும் உண்டு. ஈரம் 5 மி.மீ.கூட ஏறாவிட்டால் கடுமையான வறட்சி.

காற்று வரும் பக்கமாக நின்று அடுப்பைக் கவனியுங்கள். புகை முகத்தில் அடிக்காது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைத்து, பிறகு இமையை விளிம்பு நோக்கி மெல்ல நீவுங்கள். சூட்டை விரலால் சோதிக்காதீர்கள். சர்க்கரையால் விரல் மரத்திருந்தால் சூடு தெரியாமல் இமை வெந்துவிடும். வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.5% கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் சொட்டு நாளைக்கு நான்கு முறை போதும். அதற்குமேல் தேவைப்பட்டால், பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத மருந்துக்கு மாறுங்கள். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆனால் பொதுவாகத் தூக்கிப்போட வேண்டியதுதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘சிவப்பு போகும் சொட்டு’ ஸ்டீராய்டாக இருக்கலாம். நாள்பட விட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும்.

இன்னொன்று. சர்க்கரை கருவிழி நரம்புகளையும் மழுங்கடிக்கும். வறட்சி இருக்கும்போதே உறுத்தல் நின்றுபோனால், குணமானது என்று எண்ணாமல் காட்டிவிடுங்கள்.

பேப்பர் படிக்கிறேன், பஸ் போர்டும் தெரிகிறது. எதற்கு வருஷா வருஷம் மருந்து ஊற்றிப் பார்ப்பது? (தேவகோட்டை)

மருந்து ஊற்றிப் பார்ப்பது கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையை. அது கெடும்போது வலிக்காது. ஓரங்களில் ரத்தக் கசிவு இருந்தாலும் நடுப்பகுதி தப்பியிருக்கும்வரை எழுத்து தெளிவாகவே தெரியும். தெரியாமல் போகும் நாளில் வந்தால் பாதி வாய்ப்பு கைவிட்டுப் போயிருக்கும்: லேசர் சேதம் பரவாமல் தடுக்கும், இழந்த பார்வையைத் திருப்பித் தராது. நடுப்பகுதி வீங்கியிருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள், முதல் சில மாதங்கள் மாதம் ஒன்றாக. இரண்டு ஊசியில் தெளிந்துவிட்டது என்று நிறுத்துபவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், கண்டுபிடித்தவுடனேயே முதல் பரிசோதனை. நோய் சில வருஷம் முன்பே தொடங்கியிருக்கக்கூடும். முதல் வகைக்கு ஐந்து வருஷத்துக்குள். ஆபத்தைக் கூட்டுபவற்றில் முதலாவது, எத்தனை வருஷ நோய் என்பது. அதை மாற்ற முடியாது. மற்றவற்றை மாற்றலாம்: ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பலருக்கு 7 சதவீதத்துக்குள், ரத்த அழுத்தம் 130/80-க்குள். சிறுநீரில் புரதம், ரத்தசோகை, கொழுப்பு, புகைப்பழக்கம் இவற்றையும் கவனிக்க வேண்டும். மருந்து ஊற்றினால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டி ஓட்ட வேறொருவரை அழைத்துப் போங்கள்.

புதுக் கண்ணாடி மூன்றே வாரத்தில் ஒத்துவரவில்லை. தரம் சரியில்லையா? (ஆத்தங்குடி)

பெரும்பாலும் கண்ணாடிமேல் குற்றமில்லை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் உப்பிச் சுருங்கும், பவர் மாறும். அளவு ஒரு மாதமாவது நிலையாக நின்றபின் பவர் பாருங்கள். சிமெண்டில் தரை ஓடு வார்க்கும் ஊர் என்பதால் ஒரு வார்த்தை: சிமெண்ட் கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அதன் காரத்தன்மை கருவிழியை அரிக்கும்.

ஆச்சி விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார்கள், விடலாமா? (கானாடுகாத்தான்)

வேண்டாம். சமையலறை எண்ணெய் கிருமி நீக்கியது அல்ல.

சுகர் உள்ள மகள் கர்ப்பமாக இருக்கிறாள். கண் பார்க்க வேண்டுமா? (புதுவயல்)

முதல் மூன்று மாதத்துக்குள் விழித்திரையைப் பாருங்கள். கர்ப்பத்தில் பாதிப்பு வேகம் பிடிக்கலாம். கர்ப்பத்தில் மட்டும் வந்த சர்க்கரைக்கு இது பொதுவாகத் தேவையில்லை.

கண்முன் திடீரென்று கொசுக் கூட்டம் பறப்பதுபோல் இருக்கிறது. (பள்ளத்தூர்)

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம், விழித்திரை பிய்ந்திருக்கலாம். இன்றைக்கே காட்டுங்கள். திரை விழுந்ததுபோல் மறைத்தாலும், ஒன்று திடீரென இரண்டாகத் தெரிந்தாலும் இதே அவசரம்.