சட்டைப்பைக்குள் ஒரு நிலவறை

கேள்வி: வாராவாரம் ரயிலில் ஊருக்குப் போய் வருகிறேன். வீட்டில் நண்பர்களோடு சேர்ந்து ஆடும் 'குளூம்ஹேவன்' போர்டு கேம் பெட்டி இருக்கிறது. கிட்டத்தட்ட 10 கிலோ. எங்கும் தூக்கிப் போக முடியாது. பையில் அடங்கும் டன்ஜன் (நிலவறைக்குள் அரக்கர்களோடு மோதும்) விளையாட்டுகளில் அதே சுகம் கிடைக்குமா?
– ஓசூர் வாசகர்

பதில்: அதே சுகம் கிடைக்காது. வேறொன்று கிடைக்கும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

காசு செலவழிக்கும் முன் வீட்டுச் சீட்டுக்கட்டை எடுங்கள். ஸாக் கேஜ், கர்ட் பீக் இருவரும் 2011-ல் உருவாக்கிய 'ஸ்கவுண்ட்ரல்' ஆட அது போதும். ஜோக்கர்களையும், சிவப்பில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கியையும் நீக்கினால் 44 சீட்டு. கறுப்பெல்லாம் அரக்கர்கள், டைமன் ஆயுதம், ஆட்டின் (இதயச் சீட்டு) மருந்து. உங்கள் உயிர் 20. நான்கு சீட்டு விரித்தால் ஒரு அறை. மூன்றைச் சந்திக்க வேண்டும், நான்காவது அடுத்த அறைக்குப் போகும். அறையைத் தவிர்க்கலாம், ஆனால் அடுத்தடுத்து இருமுறை முடியாது.

ஒரு அரக்கனை வெட்டிய வாள், அடுத்து அவனைவிடச் சிறியவனைத்தான் வெட்டும். ஆட்டத்தின் உயிரே இந்த விதிதான். போன மாதம் நாகர்கோவில் ரயிலில், மேல் பெர்த்தில் ஆடினேன். உயிர் 9, புதிதாக எடுத்த 7 வாள், எதிரே ஸ்பேடு ராஜாவும் (பலம் 13) ஒரு 9-ம். சின்னவனை முதலில் வெட்டியிருந்தால் ராஜாவின் 13 அடியும் வெறுங்கையில் விழுந்து செத்திருப்பேன். ராஜாவை முதலில் வெட்டினேன், 13-ல் வாளின் 7 கழிந்து உயிரில் 6 போனது. பிறகு 9, இன்னும் 2 போனது. மிச்சம் 1 உயிர்! அரக்கர்களின் மொத்த பலம் 208. உயிரும் மருந்தும் சேர்ந்து 74-தான். மீதியை வாள்தான் தாங்க வேண்டும்.

குறை என்னவென்றால், இங்கே அரக்கன் வெறும் எண். வரைபடம் இல்லை, கதை இல்லை. குளூம்ஹேவனில் பக்கத்து நண்பர் எந்தச் சீட்டை எடுக்கப்போகிறாரோ என்று தவிப்போமே, அது தனியாட்டத்தில் வரவே வராது.

குளூம்ஹேவன் வாசனைதான் வேண்டுமென்றால் 2024-ல் வந்த 'பட்டன்ஸ் அண்ட் பக்ஸ்' இருக்கிறது. ஜோ கிளிப்ஃபெல் என்ற ரசிகர் 18 சீட்டில் செய்து பார்த்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. 20 காட்சிகள், ஒருவர் மட்டுமே ஆடலாம். காய்கள் மிகச் சிறியவை என்பதால் ஓடும் ரயிலில் வேண்டாம், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஆடுங்கள்.

ரயிலுக்குச் சீட்டுக்கட்டுதான் சரி. கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள். பெர்த் ரெக்சினில் சீட்டு வழுக்கும்.