நகரி வெயிலில் இருப்பவருக்கு வைட்டமின் டி மாத்திரை எதற்கு?

நகரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 44. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. கணவர் தறி பார்க்க, இவர் தார் சுற்றுகிறார், அதாவது ஊடு நூலைக் குழலில் ஏற்றுகிறார். ஆறு மாதமாகத் தொடையிலும் இடுப்பிலும் வலி. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 13 என்று வந்திருக்கிறது. டாக்டர் வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் கேப்சூல் எழுதியிருக்கிறார். குவைத்திலிருந்து வந்த தம்பி 5,000 யூனிட் பாட்டில் ஒன்றைக் கொடுத்து, "தினமும் இதைப் போடு அக்கா" என்கிறார். பக்கத்து வீட்டில் ஊசிதான் நல்லது என்கிறார்கள். மாமியார் ஏற்கெனவே கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். "இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் எனக்கு எப்படி இந்தக் குறை வந்தது? இதில் எதைப் போடுவது? பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்கிறார்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாக்டர் எழுதியதே சரி. 60,000 யூனிட், வாரத்துக்கு ஒரே ஒன்று, 8 வாரம். அதுவரை தம்பி கொடுத்த பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஊசியும் வேண்டாம்.

இனி வெயிலுக்கு வருவோம். திருத்தணியில் நான் பார்க்கும் நோயாளிகளில் பாதிப்பேர் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் நகரி, புத்தூரிலிருந்து வருகிறவர்கள். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஊருக்கு வெயில் அடிப்பது வேறு, நம் தோலில் வெயில் படுவது வேறு. வைட்டமின் டி-யை உண்டாக்குவது வெயிலின் சூடு அல்ல, அதில் உள்ள புற ஊதா பி கதிர். அது தோலில் இருக்கும் கொழுப்புப் பொருள் ஒன்றில் பட்டால்தான் வேலை தொடங்கும். பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடம்புக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றும். ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் வியர்த்து வழிந்தாலும் அந்தக் கதிர் துளிகூட வராது. ஜன்னல் கண்ணாடியும் அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். காலை ஆறு மணிக்குத் தறியை ஓட்டி, இருட்டிய பிறகு கடைக்குப் போய் வருகிறவருக்கு நகரியில் இருந்தாலும் ஒன்றுதான், நார்வேயில் இருந்தாலும் ஒன்றுதான்.

இந்த விஷயத்தில் உங்கள் பக்கத்திலேயே நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் சுற்றுவட்டார மக்களைப் பரிசோதித்து எழுதிய கட்டுரை 2007-ல் வெளிவந்தது. நாளெல்லாம் வயலில் நிற்பவர்களுக்கு டி அளவு நகரவாசிகளைவிட மேலாக இருந்தது. ஆனாலும் பெரும்பாலானோருக்குப் போதவில்லை. உணவில் கால்சியம் குறைவு, தானியங்களில் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதிகம் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். பைட்டேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் போதாதபோது உடம்பு தன்னிடம் உள்ள டி-யையும் வேகமாகச் செலவழிக்கும். உங்கள் பக்கம் சங்கடி என்று சொல்கிற கேழ்வரகுக் களியை இதற்காக விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, வேறு எந்தத் தானியத்திலும் அவ்வளவு கிடையாது. மாவைப் புளிக்கவைத்துக் கூழாகக் குடித்தாலோ முளைகட்டி அரைத்தாலோ பைட்டேட் குறையும். நம் பாட்டிமார் கூழைப் புளிக்கவைத்தே காய்ச்சினார்கள், அந்த வழக்கத்தை விட வேண்டாம்.

இளவெயிலில் நின்றால் வைட்டமின் கிடைக்கும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. காலை ஏழு மணி வெயில் இதமாக இருக்கும், ஆனால் அதில் புற ஊதா பி மிகக் குறைவு. திருப்பதியில் அளந்து பார்த்ததில் பகல் 11 முதல் 2 மணி வரைதான் தோலில் டி நன்றாக உருவாகியிருக்கிறது. நேரம் பார்க்க வேண்டாம், உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது பயன்படும் வெயில். முகம், கை, கால் திறந்திருக்க 20 முதல் 30 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் நின்றால் நல்லது. மாநிறமோ கறுப்போ ஆன தோலுக்கு, வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும். ஆனால் கத்திரி வெயிலில் இதை முயல வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் உச்சிப் பொழுதில் நின்று மயங்கி விழுவதைவிட மாத்திரையே மேல்.

உங்கள் அளவு மில்லிலிட்டருக்கு 13 நானோகிராம். 20-க்குக் கீழே போனால் குறைபாடு. இதை வெயிலால் மட்டும் தூக்கி நிறுத்த முடியாது, அதனால்தான் மாத்திரை.

எந்த மாத்திரை என்றால், பிராண்டைப் பார்க்காதீர்கள், அட்டையில் மூன்று விஷயம் பாருங்கள். மருந்தின் பெயர் 'கொலிகால்சிஃபெரால்' என்று இருக்க வேண்டும். இதுதான் டி3. டி2 என்று ஒன்று உண்டு, அது ரத்தத்தில் அளவை இந்த அளவுக்கு உயர்த்தி நிறுத்தாது. அடுத்து எத்தனை யூனிட் என்பது. கடைசியாக எத்தனை நாளுக்கு ஒன்று என்பது. இது அட்டையில் இருக்காது, டாக்டர் சீட்டில் இருக்கும். சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

கேப்சூல், பாலில் கலக்கும் பொடி, சின்னக் குப்பியில் வரும் திரவம், மூன்றும் வேலை செய்யும். ஜன் ஔஷதி கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் இதே மருந்துதான். கேப்சூலின் உறை பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின். புரட்டாசி விரதம் இருப்பவர்கள், சைவம் சாப்பிடுபவர்கள் பொடியாகக் கேட்டு வாங்கலாம். டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் எண்ணெய்ப் பசையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதுவும் ஆகாது என்பவர்களுக்குப் பாசி வகையிலிருந்து எடுத்ததும் விற்கிறது. மிட்டாய் போல மெல்லும் 'கம்மி' வகை எனக்குப் பிடிக்காது, பிள்ளைகள் பாட்டிலோடு தின்றுவிடுவார்கள். வெறும் வயிற்றில் போடாதீர்கள். இது கொழுப்பில் கரையும் சத்து, எண்ணெயோ நெய்யோ உள்ள மதியச் சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று ஒரு நாளை வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியாது. வயது 68. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், பேச்சில் தடுமாற்றத்தோடு தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் கால்சியம் 13-ஐத் தாண்டியிருந்தது, 10.5-க்குள் இருக்க வேண்டியது. மகன் மஞ்சப்பையைக் கவிழ்த்துக் காட்டினார், உள்ளே காலி அட்டைகள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு மாதம் விடாமல் போட்டிருக்கிறார். 8 வாரத்தில் 4,80,000 யூனிட் போக வேண்டிய உடம்பில் 36 லட்சம் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் கொழுப்பில் தங்கும் சத்து என்பதால் அளவு இறங்க மாதங்கள் ஆயின, சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை. வெயிலால் இப்படி ஆகாது, மிகுதியை உடம்பே தோலில் அழித்துவிடும். மாத்திரைக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

ஊசி வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. ஒரே ஊசியில் 6 லட்சம் யூனிட் வரை ஏற்றுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை மொத்தமாக வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் விழுவதும் எலும்பு முறிவதும் குறையவில்லை, கூடியது. குடல் மருந்தை உறிஞ்சாத நோய் இருப்பவருக்கு ஊசி தேவைப்படலாம். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லையே.

தம்பி கொண்டுவந்ததை வீணாக்க வேண்டாம். பெரியவர்களுக்குத் தினசரித் தேவை 600 யூனிட், 60 வயதுக்கு மேல் 800, டாக்டர் மேற்பார்வை இல்லாமல் போடுவதற்குப் பாதுகாப்பான உச்சம் 4,000. தினமும் 5,000 அதைத் தாண்டுகிறது. 8 வாரம் முடிந்ததும் டாக்டரிடம் காட்டிவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொன்று போடலாம். கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு 1,400-ஐ ஒட்டி வரும், போதும்.

மாமியாரின் மாத்திரையைப் புரட்டிப் பாருங்கள். கால்சியத்தோடு 250 அல்லது 500 யூனிட் டி3 என்று இருந்தால் தொடரட்டும். 'கால்சிட்ரியால்' அல்லது 'ஆல்ஃபாகால்சிடால்' என்று இருந்தால் யார் எழுதினார்கள், எதற்கு என்று கேளுங்கள். அவை சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் வேறு சில நோயாளிகளுக்கும் கொடுக்கும், சிறுநீரகம் செய்ய வேண்டிய மாற்றம் ஏற்கெனவே முடிந்த தயார் நிலை மருந்துகள். சாதாரணக் குறைபாட்டுக்குத் தேவையில்லை, கால்சியத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். அவர் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள், அதில் சில வகைகளும் கால்சியத்தை ஏற்றும். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல், காசநோய், வலிப்பு மாத்திரை என்று இருந்தால் டாக்டரைக் கேட்காமல் டி தொடங்கக் கூடாது.

பிள்ளைகளுக்கு டெஸ்ட் வேண்டாம். 2024-ல் வந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்க வழிகாட்டுதலும் நலமாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை என்கிறது. பால், முட்டை மஞ்சள் கரு, கிடைத்தால் மத்தி மீன் கொடுங்கள். எண்ணெய், பால் பாக்கெட்டில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருந்தால் டி சேர்த்தது என்று அர்த்தம், அதை வாங்குங்கள்.

உங்களிடம் ஒரு கேள்வி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா? முடியவில்லை என்றால் எலும்பு மென்மையாகித் தசையும் தளர்ந்திருக்கலாம். கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எழ முடிகிறது, வலி மட்டும்தான் என்றால் நாளெல்லாம் குனிந்து தார் சுற்றுவதும் ஒரு காரணமாக இருக்கலாம், மாத்திரை அதை மாற்றாது. நீங்கள் உட்காரும் மனைப்பலகையின் உயரத்தை ஏற்றிப் பாருங்கள். டி அளவை மூன்று மாதம் கழித்து ஒருமுறை திரும்பப் பாருங்கள், அதற்கு முன்னால் எடுப்பது வீண் செலவு.