வேலூரில் ஸ்பெஷாலிட்டி காபிக்கு ஆள் சேர்ப்பது எப்படி?

சுவைச் சோதனையில் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் மதிப்பெண் வாங்கிய காபிக்கொட்டைதான் ஸ்பெஷாலிட்டி காபி. வேலூரில் ரசனைக்குக் குறைவில்லை. கொட்டை பழசாகிவிடுவதுதான் சிக்கல். வறுத்த கொட்டை சில வாரங்களில் மணம் இழக்கும், அரைத்த தூள் இன்னும் சீக்கிரம். வாங்குவது நாலு பேர் என்றால் எந்தக் கடைக்காரர் புதிதாக வறுத்து வைப்பார்? ஆம்பூர் பிரியாணி மாதிரிதான்: ஒரு தட்டுக்காக யாரும் அண்டா ஏற்றுவதில்லை.

அதனால் கடை அப்புறம், முதலில் ஆட்கள். பத்துப் பேர் சேர்ந்து ஏற்காட்டுக் கொட்டையை மாதம் ஒருமுறை மொத்தமாக வரவழையுங்கள். ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மூன்று வகைகளைச் சர்க்கரை இல்லாமல் குடித்து ஒப்பிடுங்கள். (முதல் மடக்கில் முகம் சுளிப்பவர்களை விரட்டிவிடாதீர்கள்.)

விலையுயர்ந்த மெஷின் இருந்தால்தான் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள்; சிக்கரி கலக்காத தூளைப் போட்டால் வீட்டு ஃபில்டரே போதும்.