பதவி உயர்வை லிங்க்ட்இன்னில் எப்போது, எப்படிச் சொல்வது? வாசகர் கேள்வி-பதில்

மொரீஷியஸில், எபேனில் கணக்கியல் சேவை நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். என்னை டீம் லீடர் ஆக்கியிருப்பதாக மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. லிங்க்ட்இன்னில் இப்போதே போடலாமா?
— வாசகி, ரோஸ் ஹில்

வாழ்த்துகள். ஆனால் இன்று போடாதீர்கள்.

வாய்வார்த்தைக்கும் கடிதத்துக்கும் இடையில் மூன்று விஷயங்கள் மாறக்கூடும். ஒன்று, பதவியின் பெயர். மேலாளர் 'டீம் லீடர்' என்றிருப்பார்; மனிதவளப் பிரிவு 'ஆக்டிங் டீம் லீடர்' (தற்காலிகப் பொறுப்பு) என்று எழுதியிருக்கும். இரண்டு, எந்த நாள் முதல் என்பது. மூன்று, புதிய நிலையில் தகுதிகாண் காலம் உண்டா என்பது. அவசரப்பட்டுப் போட்டுவிட்டு இதில் ஒன்றைத் திருத்த நேர்ந்தால், வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் அந்தத் திருத்தம் பதவி இறக்கம் போலத் தெரியும்.

எனவே முதலில் கடிதம், அதில் உங்கள் கையெழுத்து. அடுத்து அலுவலகத்துக்குள் மின்னஞ்சல் அறிவிப்பு. இதைத் தாண்டிப் போகவே கூடாது. நேற்றுவரை பக்கத்து மேசையில் இருந்தவர், இனி நீங்கள்தான் தனக்கு மேலதிகாரி என்பதைக் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்வது குழுவை முதல் நாளே கசக்க வைக்கும். அவரும் அதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தால் இன்னும் மோசம். மூன்றாவதாக, நீங்கள் நேரடியாகப் பேசும் வாடிக்கையாளர்களுக்குத் தகவல். இவ்வளவும் முடிந்த பிறகுதான் லிங்க்ட்இன்.

எபேனில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளோபல் பிசினஸ் நிறுவனங்களில் (வெளிநாட்டுத் தொழிலுக்காக இங்கே உரிமம் பெற்றவை) எம்எல்ஆர்ஓ (கறுப்புப் பணச் சந்தேகங்களைப் புகார் செய்யும் அதிகாரி), கம்ப்ளையன்ஸ் ஆபீசர் (விதிகள் பின்பற்றப்படுவதைக் கண்காணிப்பவர்) போன்ற பதவிகளுக்கு நிதிச் சேவைகள் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். நிறுவனம் கடிதம் தந்துவிட்டாலும் ஆணையத்தின் பதில் வரும்வரை அந்தப் பெயரை ப்ரொஃபைலில் ஏற்றாதீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் இயக்குநர் நிலைக்குப் போகிறவர்களும் நிறுவனத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பு வெளிவரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஏற்றும்போது பலர் பழைய பதவியின் பெயரை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நாள் முதலே நீங்கள் டீம் லீடர் என்று ப்ரொஃபைல் காட்டும். பின்னால் வேலைக்கு எடுப்பவர் பழைய அலுவலகத்தில் விசாரித்தால் அது பொய்யாகத் தெரியும். நீங்கள் ஏறி வந்த படியும் மறைந்துபோகும். அனுபவப் பகுதியில் கூட்டல் குறியை அழுத்திப் புதிய பதவியாகவே சேருங்கள். நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே விரியும் பட்டியலில் அதே நிறுவனப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் சின்னம் வரும். பழைய பதவியும் புதியதும் ஒரே நிறுவனத்தின் கீழ் படிக்கட்டுபோல அடுக்கப்படும். பெயரைக் கையால் மட்டும் எழுதி விட்டுவிட்டால் இரண்டும் தனித்தனி வேலையாக நிற்கும், நிறுவனம் மாறினீர்களோ என்று பார்ப்பவர் நினைப்பார். பழைய பதவிக்கு முடிவு மாதம் போடவும் மறக்க வேண்டாம். இரண்டுக்கும் இடையில் மாத இடைவெளி விழக்கூடாது.

அதே படிவத்தில் 'நோட்டிஃபை நெட்வொர்க்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டுச் சேமியுங்கள். எரிய விட்டால் உங்கள் சொந்த வார்த்தை ஒன்றுகூட இல்லாத தயார் அறிவிப்பு முந்திக்கொண்டு போகும். வாழ்த்தெல்லாம் அதன் கீழே சேர்ந்துவிடும். மறுநாள் நீங்கள் யோசித்து எழுதும் பதிவைப் பார்க்க ஆள் இருக்காது.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைன் வரியைத் தனியாகப் பாருங்கள். 220 எழுத்துவரை இடம் உண்டு. புதிய பதவி சேர்ந்தும் அந்த வரி பழையதாகவே நிற்பது அடிக்கடி நடக்கிறது. முன்பு 'ஓப்பன் டு வொர்க்' (வேலை தேடுகிறேன் என்ற அடையாளம்) போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பதவி உயர்வுக்கு நன்றி சொல்லும் முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் இருப்பது உங்கள் மேலாளருக்கு நல்லதாகப் படாது.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ஆங்கிலமா, பிரெஞ்சா? தமிழில் ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார். எத்தனை பேரை டேக் செய்யலாம்?
— வாசகர், குவார்ட்ர் போர்ன்

ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துவரை இடம் தருகிறார்கள். அவ்வளவும் வேண்டாம், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ 90 முதல் 150 சொல் போதும். பார்ப்பவரின் திரையில் முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மீதி 'மேலும் காண்க' என்பதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த முதல் வரிகளில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்:

"இந்த மகிழ்ச்சியான செய்தியை உங்கள் அனைவருடனும் பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்!"

இதில் செய்தியே இல்லை. வாசகர் விரலை நகர்த்திப் போய்விடுவார். கீழே உள்ளதைப் பாருங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதினாலும் இதே வரிசை பொருந்தும்:

"ஆகஸ்ட் 1 முதல் எங்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் குழுவுக்கு நான் பொறுப்பு. குழுவில் ஏழு பேர். பிரான்சில் உள்ள வாடிக்கையாளர்களின் மாதச் சம்பளக் கணக்கு எங்கள் வேலை. மூன்று ஆண்டு இதே மேசையில் கணக்குப் போட்டேன். மாத முடிவில் வரும் பிழைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் குறைத்தது எனக்குப் பிடித்த வேலை. அந்தப் பட்டியலை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து கற்றுத்தந்த என் முதல் மேற்பார்வையாளருக்கு நன்றி. இதுவரை நான் பார்த்த கணக்குகளை இனி என் சக ஊழியர் பார்ப்பார். குழுவுக்கு இரண்டு பேரைத் தேடுகிறோம். பிரெஞ்சுச் சம்பளச் சட்டம் தெரிந்தவர்கள் எனக்கு எழுதலாம்."

முதல் வரியிலேயே நாள், பொறுப்பு. அடுத்து வேலையின் அளவு. பிறகு நீங்கள் செய்த ஒரு காரியம், ஒன்றே ஒன்று. நன்றியும் அப்படியே: யாருக்கு, எதற்காக என்று சொன்னால் நன்றி, இருபது பெயரை வரிசையாகக் கட்டினால் அது கல்யாணப் பத்திரிகை. கடைசி மூன்று வரிதான் இந்தப் பதிவின் உயிர் என்று நாங்கள் நினைக்கிறோம். பழைய வேலைக்கு இனி யாரைக் கேட்பது, உங்களிடம் இனி எதற்கு வரலாம் என்பது தெரிந்தால்தான் படித்தவருக்குப் பயன். வாடிக்கையாளரின் பெயர், ஒப்பந்தத் தொகை, நிறுவனம் வெளியிடாத எண்ணிக்கை இவற்றை எழுதக்கூடாது. ஆள் தேடுவதாக எழுதுமுன் மனிதவளப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

டேக் செய்வது மூன்று பேரோடு நிற்கட்டும், அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு.

மொழி விஷயம். உங்கள் வேலை எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழி. வாடிக்கையாளர்கள் பாரிஸ், லியோன் என்றால் பிரெஞ்சு. லண்டன், ஜொகன்னஸ்பர்க் என்றால் ஆங்கிலம். இரண்டையும் ஒரே பதிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் இரண்டாவது மொழி 'மேலும் காண்க' என்பதற்குள் புதைந்துவிடும். அதைவிட, ப்ரொஃபைலையே இன்னொரு மொழியிலும் சேர்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்: லிங்க்ட்இன்னைப் பிரெஞ்சில் பார்ப்பவருக்குப் பிரெஞ்சு ப்ரொஃபைலும் மற்றவர்களுக்கு முதன்மை ப்ரொஃபைலும் தெரியும். முதன்மை மொழியைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் முதலிலேயே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெஞ்சில் எழுதும் பெண்கள் கவனிக்க: பதவி உயர்த்தப்பட்டதைச் சொல்லும் 'ப்ரோமு' என்ற சொல்லின் கடைசியில் உங்களுக்கு ஓர் 'e' எழுத்துக் கூடுதலாக வரும். காதுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும்.

தமிழ் வரி பற்றி அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் ஆங்கிலப் பதிவின் வாலில் ஒரு 'நன்றி' ஒட்டுவது தமிழுக்கு மரியாதை ஆகாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முழுத் தமிழில் நாலு வரி வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், பதிவு போவதற்கு முன்பே. தமிழ் ஆசிரியர்கள், மொகாவில் மகாத்மா காந்தி நிறுவனம் போன்ற இடங்களில் தமிழோடு வேலை செய்பவர்கள் மட்டும் பதிவையே தமிழில் எழுதலாம். உங்களோடு பேச வேண்டியவர்கள் அதைப் படிப்பார்கள்.

நேரமும் ஒரு கணக்குத்தான். பாரிஸ் கோடையில் நம்மைவிட 2 மணி பின்தங்கியிருக்கிறது, குளிர்காலத்தில் 3 மணி. நம் 11 மணி அவர்களுக்குக் கோடையில் 9, குளிர்காலத்தில் 8. லண்டனுக்கு இந்த இடைவெளி முறையே 3, 4 மணி. செவ்வாய் முதல் வியாழன்வரை ஒரு நாள், அங்கே ஆள் மேசைக்கு வரும் நேரம் பார்த்துப் போடுங்கள். அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் பதில் எழுத நீங்களும் கையில் வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்குள் நுழையுமுன் போட்டுவிட்டுப் போகாதீர்கள். போட்ட பின் எழுத்துப் பிழையைத் திருத்தலாம். படத்தை மாற்ற முடியாது.

அரசு அலுவலகத்தில் வேலை. மேல்நிலைப் பதவிக்கு 'அசைன்மென்ட் ஆஃப் டியூட்டீஸ்' கொடுத்திருக்கிறார்கள். இதைப் பதவி உயர்வு என்று போடலாமா?
— வாசகர், போர்ட் லூயிஸ்

கூடாது. அந்த வேலையைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை. ப்ரொஃபைலில் உங்கள் நிலையான பதவியை வைத்துக்கொண்டு, விளக்கப் பகுதியில் எந்த மாதம் முதல் எந்தக் கூடுதல் பொறுப்பு என்று எழுதுங்கள். அது உண்மை, மதிப்பும் குறையாது.

நிரந்தரமாகவே நியமிக்கப்பட்டவர்களும் சற்றுப் பொறுக்க வேண்டும். அரசுப் பணி நியமனங்களைச் செய்யும் பப்ளிக் சர்வீஸ் கமிஷனின் பதவி உயர்வு முடிவால் பாதிக்கப்பட்ட சக ஊழியர், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பப்ளிக் பாடீஸ் அப்பீல் ட்ரிப்யூனலில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கெடு 21 நாள். அந்த நாள்கள் கழியட்டும். பிறகு எழுதும்போதும் 'பலரைத் தாண்டி', 'சீனியர்களை முந்தி' போன்ற சொற்கள் வேண்டாம்; வழக்குப் போட்டவர் கையில் அதை நீங்களே கொடுத்ததாகும்.

என் அக்கா மகளுக்கு வங்கியில் பதவி உயர்வு. சந்தோஷத்தில் அவளுடைய கடிதத்தைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். அவள் கோபித்துக்கொண்டு எடுக்கச் சொல்லிவிட்டாள். அதில் என்ன தவறு?
— வாசகி, வக்குவா

சின்னம்மாவின் சந்தோஷத்தில் தவறே இல்லை. தவறு அந்தக் காகிதத்தில் இருக்கிறது. நியமனக் கடிதத்தில் சம்பளம், வீட்டு முகவரி, சில நேரம் அடையாள அட்டை எண்ணும் இருக்கும். நம் அட்டையின், எழுத்தும் இலக்கமும் சேர்ந்த 14 இட எண்ணுக்குள்ளேயே பிறந்த தேதி இருக்கிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கியில் பதவி — மோசடிக்காரனுக்கு இது போதும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் சம்பளத்தை வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. படத்தை எடுத்துவிட்டது நல்லது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வேறு யாராவது மறுபடி அனுப்பியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: வீட்டில் சொல்லும்போதே, எந்த நாள்வரை வெளியே சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். லிங்க்ட்இன்னுக்கு முகம் தெரியும் சாதாரணப் படம் போதும். மேசையில் எடுப்பதானால் பின்னால் கணினித் திரை, கழுத்தில் அலுவலக அட்டை, வெள்ளைப் பலகையில் எழுதியது ஆகியவற்றைப் பாருங்கள். சக ஊழியர்கள் படத்தில் இருந்தால் சம்மதம் கேளுங்கள்.

பதிவு போட்ட மூன்றாம் நாள், எங்கள் இயக்குநர் பெயரிலும் படத்திலும் புதிய எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. "மீட்டிங்கில் இருக்கிறேன், ஒரு அவசரப் பட்டுவாடா" என்றார். நிஜமா?
— வாசகர், கியூர்ப்பிப்

நிஜம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பொறுப்பேற்றவர்களைக் குறிவைப்பது பழைய தந்திரம்: மேலதிகாரியிடம் மறுத்துப் பேசக் கூச்சம், நடைமுறைகள் இன்னும் பழகவில்லை. உங்கள் பதிவிலிருந்து பெயரும் பதவியும், நிறுவனப் பக்கத்திலிருந்து இயக்குநரின் படமும் கிடைத்துவிடுகின்றன. அந்த எண்ணுக்குப் பதில் எழுதாமல், அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள எண்ணில் இயக்குநரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்வது, சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்பது, யாரிடமும் சொல்லாதே என்பது — மூன்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். செய்தியை அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நிதிப் பிரிவுக்கும் ஐடி பிரிவுக்கும் காட்டிவிட்டு, மௌகோர்ஸ் என்ற நம் நாட்டு இணையக் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள். பணம் போய்விட்டிருந்தால் புகாருக்கு முன் வங்கிக்குத்தான் முதல் போன்.

பழைய வேலையில் சேர்ந்த மாதம் தவறாக இருந்தது. திருத்தினேன், அவ்வளவுதான். வாழ்த்து மழை பொழிகிறது! எப்படி நிறுத்துவது?
— வாசகர், மொகா

'நோட்டிஃபை நெட்வொர்க்' எரிந்துகொண்டிருந்திருக்கிறது. உங்கள் ஆக்டிவிட்டி பகுதிக்குப் போய், அந்த அறிவிப்பு பதிவாக அங்கே நின்றால் அழித்துவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் விசிபிலிட்டி பகுதிக்குள் வேலை மாற்றம், பணி ஆண்டு நிறைவு ஆகியவற்றைப் பகிரும் வசதியை அணைத்து வையுங்கள், வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே வாழ்த்தியவர்களுக்கு, "புதிய வேலை இல்லை, தேதியைத் திருத்தினேன்; நினைத்துக்கொண்டதற்கு நன்றி" என்று ஒரு வரி போதும். உங்கள் மேலாளருக்கு மட்டும் அதை நேரில் சொல்லிவிடுங்கள், நீங்கள் வேறிடம் போகிறீர்கள் என்று அவர் காதுக்கு வருவதற்குள்.