நாய்க்குட்டிக்கு முதல் தடுப்பூசி: மருத்துவமனையில் என்ன நடக்கும்?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பத்து வார நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது. தடுப்பூசி போட அடுத்த வாரம் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். கால்நடை மருத்துவமனைக்கு இதுவரை நான் போனதே இல்லை. அங்கே என்ன செய்வார்கள்? நான் என்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அடுத்த வாரம் வரை தள்ளாதீர்கள், நாளைக்கே போய்விடுங்கள். முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை வளாகத்தில் குட்டியைத் தரையில் இறக்கிவிடாதீர்கள். அங்கே நோயுற்ற நாய்களும் வந்துபோகின்றன. தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோகும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தின் வழியாக வெளியேறி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினாலும் அது சாவதில்லை. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். ஆகவே பழைய துண்டு விரித்த கூடையிலோ மடியிலோ குட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஆசையாகத் தன் நாயை முகரவிட்டாலும் நாசூக்காக விலகிக்கொள்ளுங்கள்.

காலையிலேயே கிளம்புங்கள். வெயிலுக்கும் நல்லது, கூட்டமும் குறைவாக இருக்கும். வண்டியில் வாந்தி எடுக்காமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு முன்பே கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்துவிடுங்கள். குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அதன் அட்டையையோ பாட்டிலையோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை போட்ட மலத்தில் சிறிதளவை மூடியுள்ள சிறு டப்பாவில் கொண்டுபோனால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். குட்டி இருமினாலோ நொண்டினாலோ கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். வீட்டில் நொண்டிய நாய் மருத்துவமனைப் பதற்றத்தில் நேராக நடந்து காட்டும். மருத்துவருக்கு அந்த அரை நிமிடக் காட்சி பெரிய உதவி.

உங்களுக்கு அருகிலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இத்தகைய கல்லூரி மருத்துவமனைகளில் மாணவர்கள் முதலில் விவரம் கேட்பார்கள், பிறகு மருத்துவரும் அதையே கேட்பார். சலித்துக்கொள்ளாமல் இரண்டு பேரிடமும் முழுமையாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை சொல்லும்போதுதான் பலருக்கு முக்கியமான செய்தி நினைவுக்கு வருகிறது.

சீட்டு வாங்கியதும் எடை பார்ப்பார்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. அடுத்து, ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்ப்பார்கள். 102 டிகிரி என்றதும் பதறாதீர்கள். நாயின் இயல்பான வெப்பநிலையே 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரைதான். பிறகு மருத்துவர் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளிறியே இருந்தால் கொக்கிப்புழுவோ உண்ணியோ தெள்ளுப்பூச்சியோ இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். தோள்பட்டைத் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, அது உடனே படிகிறதா என்று பார்ப்பது உடலில் நீர் குறைந்திருக்கிறதா என்று அறிவதற்காக. காது, கண், வயிறு, தொப்புள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். மார்பில் கருவியை வைத்துக் கேட்கும்போது மட்டும் நீங்கள் பேசாமல் இருங்கள். நாட்டுக்குட்டிதானே என்று யாராவது அவசரமாகப் பார்த்து அனுப்பினால், முழுமையாகப் பரிசோதிக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

குட்டியை நீங்களே பிடித்துக்கொள்வது நல்லது. ஒரு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து மார்போடு அணைத்து, மறு கையால் இடுப்பைத் தாங்குங்கள். முனகினால் திட்டாதீர்கள். முதல் நாள் பயந்துபோன குட்டி, வளர்ந்து முப்பது கிலோ ஆன பிறகும் அந்த மேசையைக் கண்டு முரண்டுபிடிக்கும். பிடித்த தின்பண்டம் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். ‘காய்ச்சலாக இருந்தது, வீட்டிலிருந்த மாத்திரையில் பாதி கொடுத்தேன்’ என்று சொல்லத் தயங்குகிறவர்கள் மிகப் பலர். மனிதர்களுக்கான இபுபுரூபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை எமனாகிவிடும். கொடுத்தது தெரிந்தால்தான் அதற்கேற்ற சிகிச்சை செய்ய முடியும்.

குட்டிக்குக் காய்ச்சலோ பேதியோ இருந்தால் அன்றைக்கு ஊசி போடாமல் திருப்பி அனுப்புவார்கள். அது சரியான முடிவு, வற்புறுத்தாதீர்கள். நலமாக இருந்தால் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய், பார்வோ, கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தோலுக்கடியில் போடுவார்கள். எல்லா ஊசியும் எல்லா இடத்திலும் இருப்பு இருக்காது என்பதால் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கி வரச் சொன்னால் பனிக்கட்டி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் அதற்கு வீரியம். மருந்துக்குப்பியில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டை உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, தேதியோடு கையெழுத்தும் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஊசி போட்டதும் ஓடிவிடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். முகம் வீங்கினாலோ தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ ஒவ்வாமை. உடனே உள்ளே தூக்கிப் போய்விடலாம். அன்றிரவு சோர்ந்து தூங்குவது இயல்பு.

ஒரு ஊசியோடு வேலை முடிவதில்லை. தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசியைச் செயல்படவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாதம் முடிந்ததும்; உங்கள் குட்டிக்கு அடுத்த முறை போகும்போது கேட்டுப் போட்டுவிடலாம். கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் கழியும்வரை தெருவில் நடக்கவிடாதீர்கள், குளிப்பாட்ட வேண்டுமானால் மருத்துவர் சொன்ன நாளுக்குப் பிறகு.

வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இதையும் கேளுங்கள். சின்னக் குட்டிதானே, ரேபிஸ் எங்கிருந்து வரும் என்று நினைப்பது ஆபத்து. பல் பட்டு இலேசாகக் கீறினாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டக் கூடாது.